ரெக்கார்ட் பிளேயர் மக்கர் பண்ணுகிறதா? சரிசெய்வதா, மாற்றுவதா?

பாட்டு இழுக்கிறது. ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு பாடின வரியையே பாடுகிறது. இல்லையென்றால் ஒரு பக்க ஸ்பீக்கர் வாயே திறப்பதில்லை. மலிவு விலை ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றாவது வந்தே தீரும். யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அதைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்குங்க." கோளாறு எங்கே என்று பார்க்காமல் புதிதாக வாங்கினால், பல நேரம் அதே குறை புதுப் பெட்டியிலும் வந்து உட்காரும். சாய்ந்த மேசையும், கீறல் விழுந்த இசைத்தட்டும், ஆம்ப்ளிஃபயரில் தப்பாகச் செருகிய ஒயரும் பிளேயரை மாற்றினால் சரியாகப் போவதில்லை.

என் கணக்கு எளிமையானது. கோளாறு கழற்றி மாற்றக்கூடிய உதிரியில் இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். பிளேயரின் கட்டுமானத்திலேயே இருந்தால் அதில் மேற்கொண்டு காசு போடக் கூடாது. இரண்டும் கெட்டானாக இருக்கும்போது, இன்று வாங்கப்போகிற பொருள் அடுத்த பிளேயருக்கும் கூட வருமா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கர் வரும். தனியாக வாங்கிய ஃபோனோ பிரீஆம்ப் (பிளேயரின் சன்னமான ஒலியைப் பெருக்கும் கருவி) வரும், இசைத்தட்டு துடைக்கும் பிரஷ்கூட வரும். பெட்டி பிளேயருக்கென்றே செய்த சிவப்பு ஊசி வராது.

கையில் இருப்பது எந்த ரகம்?

மலிவு பிளேயர் என்று நாம் சொல்வதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி. ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும். சுழல்தட்டு சின்னது, 12 அங்குல எல்.பி. அதன் மேல் நாலா பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, பிளாஸ்டிக். அதன் பின்புறம் எடைக்கட்டி கிடையாது. ஊசியை அழுத்துவதெல்லாம் உள்ளே இருக்கும் ஒரு ஸ்பிரிங் வேலை. கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் குட்டிப் பாகம், செராமிக் வகை. ஊசியின் அழுத்தம் 5 கிராம் அளவுக்குப் போகும்.

இன்னொன்று, தனி டர்ன்டேபிள். ஸ்பீக்கர் வெளியே. கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகை; பெரும்பாலும் ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.3600எல் அல்லது அதே வகையறாவில் ஒன்று. இதற்கு நிறுவனம் சொல்லும் அழுத்தம் 2.5 முதல் 3.5 கிராம். பொத்தானை அழுத்தினால் டோன்ஆர்ம் தானே போய் இறங்கும், தானே திரும்பி வரும். அழுத்தத்தை நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். இந்த இரண்டு ரகத்துக்கும் தீர்ப்பு வேறு வேறு என்பதால்தான் இதை முதலில் சொன்னேன்.

பெட்டி பிளேயரில் ஒரு தடவை ஓட்டினாலே இசைத்தட்டு பாழாகிவிடும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. அது மிகை. எல்.பி. 1948-இல் வந்தது, அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு வீடுகளில் ஓடிய பிளேயர்கள் இதே அளவு அழுத்தத்திலும் இதைவிடக் கூடுதலான அழுத்தத்திலும்தான் ஓடின. அந்தக் காலத்து இசைத்தட்டுகள் பல இன்றும் கேட்கும்படி இருக்கின்றன. உண்மையான எமன் தேய்ந்த ஊசி. வைர முனை சில நூறு மணி நேரம் தாங்கும். பெட்டி பிளேயர்களோடு வரும் சஃபையர் முனைக்கு அதில் சிறு பங்குதான் ஆயுள். தேய்ந்த முனையின் பக்கங்கள் தட்டையாகி ஓரம் கூர்மையாகிவிடும். அந்த ஓரம் இசைத்தட்டில் ஒலி பொறித்த பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போகும். அழுத்தமும் அதிகம், ஊசியும் தேய்ந்தது என்று இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து.

பாட்டு இழுத்தால்

முதலில் வேகத்தை அளந்துவிடுங்கள். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று; அதாவது 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு எண்ணினால் போதும். ஊசியை இறக்கி வைத்துத்தான் எண்ண வேண்டும். மெலிந்த மோட்டார் உள்ள பிளேயர் வெறுமனே சுற்றும்போது சரியாகவும், ஊசியின் பாரம் ஏறியதும் மெதுவாகவும் ஓடும். 97, 98 சுற்று வந்தால் சுருதி இறங்கியிருப்பது காதுக்கே தெரியும். 103 வந்தால் பாடகர் கொஞ்சம் அவசரத்தில் இருப்பார்.

எண்ணிக்கை எப்போதும் ஒரே அளவில் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் அது மோட்டாரின் வேக அமைப்பு. பல மலிவு பிளேயர்களில் மோட்டாரின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே ஸ்குரூ டிரைவர் நுனி போகிற அளவுக்கு ஒரு திருகு. அதை மயிரிழை திருப்பினாலே வேகம் மாறும். ஒரே இசைத்தட்டில் ஒரு நேரம் சரியாகவும் ஒரு நேரம் தொங்கலாகவும் வந்தால் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சுழல்தட்டைக் கழற்றிப் பாருங்கள். சில மாடல்களில் அதன் மேலேயே ஒரு துளை இருக்கும்; அதைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் துளைக்கு நேர் கீழே மோட்டாரின் பித்தளைக் கப்பி தெரியும். பெல்ட் கப்பியில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா, எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். விரலில் மாட்டி லேசாக இழுத்துவிட்டால் சட்டென்று பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். பளபளவென்று மினுங்கினாலோ, விரலில் கருப்பாக ஒட்டினாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. புது பெல்ட் போடும்போது கப்பியையும் தட்டின் உள்விளிம்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய பிசுக்கு புது பெல்ட்டையும் வழுக்கவிடும்.

இன்னொன்றும் உண்டு. சுருதி சீராக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, அதாவது 1.8 வினாடிக்கு ஒரு முறை ஊசலாடினால் பிளேயரைத் திட்டுவதற்கு முன் வேறொரு இசைத்தட்டைப் போடுங்கள். நடுத்துளை கொஞ்சம் தள்ளிப் போடப்பட்ட இசைத்தட்டுகள் நிறைய இருக்கின்றன. ஓடும்போது டோன்ஆர்மைக் கவனித்தால் அது இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போவது தெரியும். எத்தனை உயர்ந்த பிளேயர் வாங்கினாலும் அந்த இசைத்தட்டு அப்படித்தான் பாடும்.

ஊசி தாவினால்

இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முதல் வேலை, ஊசியை உற்றுப் பார்ப்பது. முனையில் பஞ்சு மாதிரி தூசி உருண்டு நின்றால் ஊசி பள்ளத்தில் உட்காராமல் தூசியின் மேல் சவாரி செய்யும். மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் தேய்த்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய கம்பி வளைந்துவிடும். வளைந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், புது ஊசி வாங்குங்கள். அடுத்து மேசை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் அதுவே போதும்.

பிறகு மூன்று நாலு இசைத்தட்டுகளை மாற்றிப் போட வேண்டும். ஒரே இசைத்தட்டில் ஒரே இடத்தில் தாவினால் அது கீறலோ அழுக்கோதான். எல்லா இசைத்தட்டிலும் ஏறத்தாழ ஒரே தூரத்தில், முக்கியமாகக் கடைசிப் பாட்டு நெருங்கும்போது தாவினாலோ நின்றாலோ, டோன்ஆர்மின் நகர்வில் தடை இருக்கிறது. டோன்ஆர்மை இசைத்தட்டுக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்து ஓரத்திலிருந்து நடுப்பக்கம் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் விரலுக்குச் சின்னதாக ஒரு பிடிப்பு தட்டுப்பட்டால், தானாக நிற்கும் பொறி அங்கேதான் கையைத் தொடுகிறது. பெட்டி பிளேயர்களில் ஆட்டோ ஸ்டாப் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்ததும் பாதிப் பேருக்குக் கோளாறு தீர்ந்துவிடும். பிடிப்பு கையின் அடியிலிருந்து போகும் ஒயர் விறைப்பால் வந்தால் சரிசெய்யலாம். கை பொருந்தியிருக்கும் மூட்டே தளர்ந்து கடகடவென்று ஆடினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஊசிக்கு மேல் நாணயத்தை ஒட்டுகிற வைத்தியம் இன்னும் வழக்கில் இருக்கிறது. தாவல் நிற்கும்தான். பல கிராம் பாரத்தை ஊசியின் தலையில் ஏற்றி, அதைத் தாங்கும் ரப்பரை நசுக்கி, இசைத்தட்டையும் தேய்த்துத்தான் நிற்கும்.

பெட்டி பிளேயருக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. சத்தத்தைக் குறைத்தால் தாவல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரின் அதிர்வு ஊசியை உலுக்குகிறது. பின்னால் உள்ள ஆடியோ வெளியீட்டில் வெளி ஸ்பீக்கரை மாட்டி உள் சத்தத்தை அடக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அந்த வெளியீடு இல்லாத பெட்டி என்றால் அது பிறவிக் குறை.

ஒரு பக்கம் ஊமையானால், உறுமினால், கரகரத்தால்

ஒரு பக்கம் பேசவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் சிவப்பு, வெள்ளை பிளக்குகளை இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை ஸ்பீக்கர் மாறினால் கோளாறு பிளேயர் பக்கம். மாறவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ. பிளேயர் பக்கம்தான் என்று தெரிந்தால், கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நாலு மெல்லிய ஒயர்களைப் பாருங்கள்: வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது பக்கம். நுனியில் உள்ள குட்டி உறை தளர்ந்து போயிருக்கும், அல்லது முள்ளில் மங்கலாகக் களிம்பு ஏறியிருக்கும். இடுக்கியால் பிடித்து ஒரு தடவை கழற்றி மாட்டினாலே உயிர் வந்துவிடுவதுண்டு. ஒயரைப் பிடித்து இழுக்காமல் உறையைப் பிடித்து இழுங்கள்.

ஒரே சீராக 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் கிரவுண்டு ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டோன்ஆர்மின் உலோகப் பகுதியைத் தொட்டதும் உறுமல் கூடினாலோ குறைந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

ஒலி மிகச் சன்னமாக, அடிநாதமே இல்லாமல் வந்தால் அது பழுதே இல்லை, இணைப்பு தப்பு. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கவும், பதிவு செய்யும்போது குறைத்த அடிநாதத்தைக் கூட்டி, கூட்டிய உச்ச ஒலியைக் குறைக்கவும் ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். பிளேயரின் பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். இரண்டு பிரீஆம்ப் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டால் நேர்மாறாக ஒலி வெடித்துக் கரகரக்கும்.

கரகரப்பு எந்தப் பாட்டில் வருகிறது என்பதும் ஒரு துப்பு. முதல் பாட்டிலிருந்தே 'ஸ', 'ச' எழுத்துகள் எச்சில் தெறிப்பது போலக் கேட்டால் ஊசி தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கு. கடைசிப் பாட்டில் மட்டும் வந்தால் காரணம் வடிவியல். எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியைக் கடப்பது வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. வேகத்தில், உள் ஓரத்தில் அது சுமார் 21 செ.மீ. தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பொறிக்கப்பட்டிருப்பதால் உருண்டை முனை ஊசி அங்கே திணறும். நீள்வட்ட முனை ஊசி ஓரளவு சமாளிக்கும். உங்களுடைய ஒரே குறை இதுதான் என்றால், முழு பிளேயரையும் மாற்றும் முன் உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு நீள்வட்ட ஊசி கிடைக்குமா என்று தேடுங்கள்.

இனி வழிகளை ஒப்பிடுவோம்

பெல்ட், ஊசி, ஒயர், சுவிட்ச் என்று கோளாறு பிடிபட்டுவிட்டால், இரண்டாவது ரக டர்ன்டேபிளைச் சரிசெய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். புது ஊசி போட்ட மலிவு டர்ன்டேபிள், தேய்ந்த ஊசியோடு ஓடும் விலை உயர்ந்த பிளேயரைவிட நன்றாகப் பாடும். அதற்குப் பிறகும் ஒலி திருப்தி இல்லையென்றால் அடுத்த செலவு ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஊசிக்கு அடுத்து காதுக்குப் பெரிய வித்தியாசம் தருவது அதுதான், தவிர எத்தனை பிளேயர் மாறினாலும் கூடவே இருக்கும்.

பெட்டி பிளேயரில் கதை வேறு. ஊசியைக் கட்டாயம் மாற்றுங்கள். வைர முனை கிடைத்தால் அதையே போடுங்கள். பெல்ட் போனால் அதையும் மாற்றலாம். மோட்டார், டோன்ஆர்ம், உள் சர்க்யூட் என்று போக ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். கடையில் கொடுத்துப் பழுதுபார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

பழைய டர்ன்டேபிள் வாங்குவது ஆசை காட்டும் வழி. 1970-களிலும் 80-களிலும் வந்த நல்ல டர்ன்டேபிள்களின் கனமான சுழல்தட்டும் துல்லியமான டோன்ஆர்மும் இன்று அதே விலைக்குப் புதிதாகக் கிடைப்பது கடினம். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வகை 1972-இல் வந்து, 2010-இல் நின்று, 2016-இல் திரும்பி வந்தது; பழைய ஒன்று இன்னும் உழைப்பதைப் பார்க்கலாம். ஆனால் இந்த வழி கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கே. பல வருடம் சும்மா கிடந்த தானியங்கிப் பிளேயரில் கிரீஸ் காய்ந்து பொறி இறுகியிருக்கும், பெல்ட் தாராக உருகி ஒட்டியிருக்கும், வந்திருக்கும் ஊசி எப்போதோ முடிந்திருக்கும். நேரில் போய், உங்கள் இசைத்தட்டைப் போட்டு, 33⅓, 45 என்று இரண்டு வேகத்திலும் ஓட்டி, டோன்ஆர்ம் மூட்டு ஆடுகிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. பார்சலில் வரும் பழைய டர்ன்டேபிளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. சுழல்தட்டைக் கழற்றாமல், டோன்ஆர்மைக் கட்டாமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

புதிதாக வாங்குவதென்றால் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: டோன்ஆர்மில் நகர்த்தக்கூடிய எடைக்கட்டி, கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ், அணைத்துவைக்க முடிந்த உள் பிரீஆம்ப். மூன்றாவது இல்லாவிட்டாலும் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். புளூடூத், யு.எஸ்.பி., வண்ண வண்ண மூடி எதுவும் மேம்பாட்டில் சேராது. பெட்டி பிளேயரிலிருந்து தானியங்கி ரக மலிவு டர்ன்டேபிளுக்குப் போவது நல்ல முன்னேற்றம். ஆனால் ஏற்கெனவே அந்த ரகம் வைத்திருப்பவர் அதே ரகத்தில் வேறு பெயருக்கு மாறுவது வெட்டிச் செலவு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே கார்ட்ரிட்ஜ்.

கார்ட்ரிட்ஜ் மாற்றும் வசதியின் அருமை பிறகுதான் தெரியும். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 வரிசையில் உடல் ஒன்றே. உருண்டை முனையில் தொடங்கி நுட்பமான முனை வரை ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டே மேலே போகலாம். ஆர்டோஃபான் 2எம் ரெட்டில் 2எம் புளூவின் ஊசி பொருந்தும். இவற்றின் அழுத்தம் 2 கிராமை ஒட்டித்தான்.

பெல்ட் வகையா, மோட்டாரே நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவா என்பதில் நடக்கும் சண்டையில் இந்த விலையில் அர்த்தமில்லை. டைரக்ட் டிரைவ் சட்டென்று வேகம் பிடிக்கும், மாற்ற பெல்ட் கிடையாது. பெல்ட் வகையில் மோட்டாரின் அதிர்வு ரப்பரில் அடங்கிவிடும். ஏற்கெனவே பெல்ட் தொல்லையில் நொந்தவர் டைரக்ட் டிரைவ் வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் வாங்கும் முன் யோசியுங்கள்: நல்ல டர்ன்டேபிள் கொஞ்சம் வேலை வாங்கும். எடைக்கட்டியைத் திருகி டோன்ஆர்மை அந்தரத்தில் மிதக்கவிட்டு, அளவு வளையத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பிறகு 2 கிராம் வரை திருப்ப வேண்டும். டோன்ஆர்ம் நடுப்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட் குமிழையும் அதே எண்ணில் வைக்க வேண்டும். பார்சலைப் பிரித்ததும் அங்கங்கே மாட்டியிருக்கும் பயணக் கட்டுகளை எடுக்க வேண்டும். இதெல்லாம் பிடிக்கும் என்றால் கையால் இயக்கும் ரகம் உங்களுக்கானது. பிடிக்காது என்றால் தானியங்கியையே சரிசெய்து வைத்துக்கொள்வதில் எந்தக் கேவலமும் இல்லை. பாட்டுக் கேட்டபடியே தூங்கிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். முழுக்கக் கையால் இயக்கும் டர்ன்டேபிளில் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்க ஆள் கிடையாது. விடியும்வரை அது உள் வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவர்கள் பாட்டு முடிந்ததும் தானே நிற்கும் மாடலைப் பார்க்கலாம், அல்லது டோன்ஆர்மின் பக்கத்தில் ஒட்டிவைக்கும் தூக்கி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.